கையைப் பிடிக்காதீர்கள், முழங்கையைக் கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தில் 19 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த வேலையைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ‘உதவி மையம்’ என்ற பெயரே எனக்குப் பிடிக்காது, ‘ஏற்பாட்டு மையம்’ என்று வைத்திருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தேன். உதவி என்பது யாராவது மனசு வைத்தால் கிடைப்பது. ஏற்பாடு என்பது மாணவர் வருவதற்கு முன்பே தயாராக இருப்பது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. அடிக்கடி வந்த சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகள் சென்னையில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறாள். பார்வை மிகக் குறைவு; சான்றிதழில் 75 சதவீதக் குறைபாடு என்று போட்டிருக்கிறார்கள். இதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பியதில்லை. ஹாஸ்டலில் எப்படி இருப்பாள் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. நானும் சென்னைக்கு வந்து பக்கத்திலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கிவிடலாமா? – ஒரு தாய், சங்கரன்கோவில்

வாருங்கள் அம்மா. ஆனால் நாலு நாளுக்கு மட்டும். கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாலு நாள்.

முதல் நாள், அறையிலிருந்து குளியலறை, மெஸ், வாசல் கேட், வகுப்பு இருக்கும் கட்டடம் என்று எல்லா இடத்துக்கும் அவளோடு நடந்து போங்கள். எத்தனை படி, எந்தத் திருப்பத்தில் தண்ணீர்க் குழாய், எங்கே தரை மாறுகிறது என்று சொல்லிக்கொண்டே போங்கள். இரண்டாம் நாள் அவள் முன்னால் போகட்டும். நீங்கள் நாலடி பின்னால் வாயைத் திறக்காமல் வாருங்கள். வழி தவறினாலும் உடனே கூப்பிடாதீர்கள். தவறி, நின்று, யோசித்து, திரும்பி வருவதையும் அவள் பழக வேண்டும். மூன்றாம் நாள் நீங்கள் வார்டன் அறையில் உட்கார்ந்திருங்கள், அவள் மட்டும் போய் வரட்டும். அந்த ஒரு மணி நேரம் அவளைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். நாலாம் நாள் ராத்திரி பொதிகையைப் பிடித்து ஊருக்குப் போய்விடுங்கள்.

பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் மூன்று வருடமும் மகனை வகுப்பு வாசல் வரை கொண்டுவந்து விட்டார், பெல் அடித்ததும் வந்து கூட்டிப்போனார். பையன் நல்ல மார்க் வாங்கினான். ஆனால் அவனோடு யாரும் கேன்டீனுக்குப் போனதில்லை. எப்போதும் அம்மா கூட இருக்கும் பையனை எந்தப் பையன் டீ குடிக்கக் கூப்பிடுவான்? அந்த அம்மாவின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அந்த மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நடப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பார்வையற்ற மாணவர் ஒருவரைச் சாலை கடக்க வைக்க அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நடுச் சாலையில் அவர் கையை உதறிக்கொண்டார். இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் நிதானமாகச் சொன்னார்: “மேடம், நீங்க என் கையைப் பிடிக்காதீங்க. உங்க முழங்கையைக் கொடுங்க, நான் பிடிச்சுக்கறேன்.” அப்படிப் பிடிக்கும்போது நீங்கள் அரை அடி முன்னால் நடப்பீர்கள். நீங்கள் படி ஏறினால் உங்கள் கை உயரும், இறங்கினால் தாழும். சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிடும். முக்கியமாக, விட வேண்டும் என்று தோன்றினால் விடுவது அவர் கையில் இருக்கும். ஹாஸ்டல் தோழிகளிடம் உங்கள் மகளே இதைச் சொல்லப் பழகட்டும்.

சாமான் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளை டைல்ஸ் போட்ட குளியலறையில் வெள்ளை மக் அவள் கண்ணுக்குத் தெரியாது. வாளி, மக் எல்லாம் அடர்ந்த சிவப்போ நீலமோ வாங்குங்கள். பால் குடிக்கும் டம்ளர் வெள்ளையாக இருக்க வேண்டாம். கொஞ்சம் பார்வை இருக்கிறதே என்று வெள்ளைக் கோலை ஒதுக்காதீர்கள். இருட்டிய பிறகு அவளுக்கு வழி காட்டும், பஸ்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை (யுடிஐடி) இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் படித்துக் காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை எல்லாவற்றையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், தினமும் எத்தனை தடவை போன் செய்வது என்று அவளே முடிவு செய்யட்டும்.

நான் வங்கி ஊழியர். லீவு போட்டுக் கல்லூரித் தேர்வுகளில் பார்வையற்ற மாணவர்கள் சொல்வதை எழுதிக்கொடுக்கப் போய்வருகிறேன். போன செமஸ்டரில் ஒரு மாணவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மனசு கேட்கவில்லை. ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன பாவம்? – ஒரு வாசகர், மதுரை

சேர்க்காதீர்கள் ஐயா. விதிக்குப் புறம்பு என்பது ஒரு காரணம். எனக்கு முக்கியமான காரணம் வேறு.

எங்கள் கல்லூரியில் வரலாறு படித்த மாணவர் ஒருவருக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுத வந்தார். தங்கமான மனிதர். ரயத்துவாரி முறை பற்றிய கேள்விக்கு மாணவர் ஆறு வரிதான் சொன்னார். அதை இவர் ஒன்றரைப் பக்கமாக எழுதிவிட்டார். 71 மார்க் வந்தது. அந்த மாணவர் மார்க் ஷீட்டோடு என் மேஜைக்கு வந்து, “மேடம், இது என்னோட மார்க் இல்லை. நான் சொன்னதுக்கு நாற்பதுதான் வரும். அந்த நாற்பது எனக்குப் போதும். அடுத்த தடவை வேற ஆள் போடுங்க” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அவமானம்தான் இருந்தது. அதன் பிறகு, தேர்வு எந்தப் பாடமோ அந்தப் பாடம் படித்தவரை எழுத அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். வரலாற்றுத் தேர்வுக்கு காமர்ஸ்காரர், காமர்ஸுக்குத் தமிழ்க்காரர்.

சொல்வதை எழுதுபவர் செய்ய வேண்டிய நுணுக்கமான வேலைகள் நிறைய இருக்கின்றன. மனசை அதில் செலுத்துங்கள். கேள்வித்தாளை முதலில் முழுசாக, மார்க்கையும் ‘அல்லது’வையும் சேர்த்து, ஒரே வேகத்தில் வாசியுங்கள். எந்தக் கேள்வியை எடுப்பது என்று திட்டமிட நாம் கண்ணால் புரட்டிப் பார்ப்போமே, அவருக்கு அந்தப் புரட்டல் உங்கள் குரல்தான். தவறான பதில் வந்தால் “ம்ம்?” என்று இழுக்காதீர்கள், அந்த ஒரு ‘ம்ம்’ போதும் அவரைக் குழப்ப. ஆள் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் எழுத்துக்கூட்டிக் கேளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நேரம் சொல்லட்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உதவும், சிலருக்குப் பதற்றம் தரும். முடிந்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தியுங்கள். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதலிலேயே அந்த இரண்டு நாள் இருக்கிறது. அவர் சொல்லும் வேகமும் நீங்கள் எழுதும் வேகமும் ஒத்துப்போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு ஏப்ரல் தேர்வில் எழுத வேண்டிய இருவர் வரவில்லை. ஒரு மாணவி வராந்தாவில் நாற்பது நிமிடம் காத்திருந்தார். உள்ளே எல்லோரும் எழுதும் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அலுவலக உதவியாளரின் மகளை வீட்டிலிருந்து கூட்டிவந்தோம். நான் கொஞ்சம் முன்யோசனையோடு இருந்திருந்தால் அந்த நாற்பது நிமிடம் வந்திருக்காது. அடுத்த தேர்விலிருந்து நாலு பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக வரவழைத்து, வேலை இல்லாவிட்டாலும் டீயும் பஸ் காசும் கொடுத்து உட்கார வைத்தேன்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் போன வருடம் ரேம்ப் கட்டிவிட்டோம். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். வேறு என்ன செய்ய வேண்டும்? – ஒரு பேராசிரியர், நாமக்கல்

முதலில் அந்த ரேம்ப்பை ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி ஏறும் இடம் என்றால் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர் இருக்கும், ரேம்ப் 5.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 18 அடி நீளம் இருக்க வேண்டும். நான் பார்த்த பல கல்லூரிகளில் ஐந்தாறு அடியில் முடித்திருக்கிறார்கள். பைக் ஏற்றலாம், சக்கர நாற்காலியைத் தன் கையால் தள்ளிக்கொண்டு ஒருவர் ஏற முடியாது, இறங்கினால் குப்புற விழுவார். இரண்டு பேர் தள்ளினால்தான் ஏற முடியும் என்றால் அது ரேம்ப் ஆகாது.

அடுத்து கழிப்பறை. இதைப் பற்றி மாணவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை நாலு மணி வரை உட்கார்ந்திருந்த மாணவிகளை எனக்குத் தெரியும். ஒருத்திக்குச் சிறுநீர்த் தொற்று வந்து செமஸ்டரே போனது. கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்கட்டும், கைப்பிடிக் கம்பி இருக்கட்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அதைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வைக்காதீர்கள். துடைப்பமும் பழைய பெஞ்சும் போட்டு வைக்கும் அறையாகவும் ஆக்கிவிடாதீர்கள்.

மூன்றாவதற்கு ஒரு பைசா செலவில்லை. அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். டைம்டேபிள் போடுபவர் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. மாடி வகுப்புக்கு நண்பர்கள் நாற்காலியோடு தூக்கிப்போவதைப் படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். தூக்கப்படுகிறவரின் முகத்தை அந்தப் படத்தில் உற்றுப் பாருங்கள். அந்த நண்பர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு நாள் அவர்களில் இருவர் லீவு போட்டால் இவருக்கும் லீவுதான்.

உங்களுடையது தனியார் கல்லூரியாக இருக்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உயர்கல்விக்கான 5 சதவீத இட ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கும் அரசு உதவி பெறுகிறவற்றுக்கும்தான். ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்ற 21-வது பிரிவு தனியாருக்கும் பொருந்தும். அந்தக் கொள்கையை எழுத உட்காரும்போது அந்த மாணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்றால் மூன்று மணித் தேர்வு நாலு மணி ஆகிறது. மற்ற மாணவர்கள் இது அநியாயம் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? – ஒரு பேராசிரியர், தஞ்சாவூர்

நீங்களே ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் ஒருவரைக் கேள்வித்தாள் வாசிக்கச் சொல்லி, ஒரு எட்டு மார்க் பதிலை வாயால் சொல்லிப் பாருங்கள். முந்தைய வரியில் என்ன சொன்னோம் என்று கேட்டு, அவர் திரும்ப வாசித்து, திருத்தி, மறுபடி சொல்லி... அந்த ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடும். அது அதிகச் சலுகை இல்லை, வழியில் சிந்துவதை ஈடுகட்டுவது. அதனால்தான் அதற்கு ‘ஈட்டு நேரம்’ என்று பெயர்.

அநியாயம் எங்கே இருக்கிறது தெரியுமா? பார்வையற்ற மாணவரிடம் “கீழ்க்காணும் வரைபடத்தைப் பார்த்து” என்று பத்து மார்க் கேள்வி கேட்பதில். பொருளாதாரத்தில் தேவைக் கோடு, அளிப்புக் கோடு சொல்லித்தர எங்கள் மையத்தில் தென்னை ஈர்க்குச்சியை ஒடித்து அட்டையில் ஒட்டுவோம்; ஒரு கோட்டுக்கு ஈர்க்கு, இன்னொன்றுக்கு முறுக்கு நூல். விரலால் தடவினால் எது எது என்று தெரியும். தையல்காரர்கள் வைத்திருக்கும் பல் சக்கரத்தைத் தடித்த காகிதத்தில் உருட்டினால் பின்பக்கம் புள்ளி புள்ளியாக மேடு எழும், அதில் வரைபடமே போடலாம். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. வகுப்பில் இப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தேர்வில் வரைவதற்குப் பதிலாக விளக்கச் சொல்லி மாற்றுக் கேள்வி கொடுக்கலாம். அந்த மாற்றுக் கேள்வியை, கேள்வித்தாள் தயாரிக்கும்போதே எழுதிவிட வேண்டும். தேர்வு அறையில் மாணவர் கை தூக்கிய பிறகு தேடக் கூடாது.

எனக்குக் காது கேட்காது. பி.காம். இரண்டாம் வருடம். சார் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார், உதடு தெரியவில்லை. தேர்வில் “வாக்கியம் சரியில்லை” என்று மார்க் குறைக்கிறார்கள். – ஒரு மாணவி, கோவை

தங்கச்சி, உன் கேள்வியை அப்படியே உன் ஆசிரியர்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

முதல் பெஞ்சில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார். ஜன்னல் சாருக்குப் பின்னால் இருந்தால் அவர் முகம் இருட்டாகத் தெரியும். அவரிடம் ஒரு சின்னச் சீட்டு எழுதிக் கொடு: ‘எழுதும்போது பேச வேண்டாம், எழுதிவிட்டுத் திரும்பிப் பேசினால் எனக்குப் போதும்.’ நிறைய ஆசிரியர்களுக்கு இது தெரியவே தெரியாது, சொன்னால் மாறிக்கொள்கிறார்கள். உதடு படிப்பதை மட்டும் நம்பி இருக்காதே. தமிழில் ‘பல்’, ‘மல்’ இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். நன்றாக நோட்ஸ் எடுக்கும் தோழி ஒருத்தியின் நோட்டைத் தினமும் நகல் எடுத்துத் தரும் ஏற்பாட்டைத் துறைத்தலைவர் வழியாகச் செய்யச் சொல். தோழியின் தயவாக அது இருக்க வேண்டாம், துறையின் வேலையாக இருக்கட்டும்.

வாக்கியம் விஷயத்தில் உன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. சைகை மொழிக்கு அதன் சொந்த இலக்கணம் உண்டு. அதில் யோசித்து வளர்ந்தவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது வேற்றுமை உருபும் காலமும் முன்னே பின்னே போகும். கணக்குப்பதிவியல் தேர்வில் தேய்மானம் என்றால் என்ன என்று உனக்குத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தேர்வு நடக்கும் முன்பே இதை எழுத்தில் கேள். மார்க் வந்த பிறகு கேட்டால் சண்டை போடுகிறாள் என்பார்கள். கூடவே, வகுப்பில் நாலு பேருக்காவது சைகை மொழி சொல்லிக்கொடு. டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு மேல் வீடியோ அகராதியாகப் போட்டிருக்கிறது, இலவசம்தான்.

மனநலச் சிகிச்சையில் இருக்கிறேன். மாத்திரையால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அட்டெண்டன்ஸ் குறைகிறது. கல்லூரியில் சொல்லலாமா? சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ? – பெயரும் ஊரும் வேண்டாம்

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்: மையத்தின் பொறுப்பாளர், இல்லையென்றால் நீங்கள் நம்பும் ஒரு பேராசிரியர். நோயின் பெயரைச் சொல்லாமல் விளைவை மட்டும் சொல்லலாம்: “மருந்தின் காரணமாக முதல் இரண்டு பீரியட் வர முடியவில்லை, மருத்துவர் கடிதம் இருக்கிறது.” மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21. மனநோய் இரண்டிலும் உண்டு. எனவே நீங்கள் கேட்பது தயவு இல்லை. மருத்துவரிடம் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

அங்கே பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் உங்களிடம் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் சொல்லாதீர்கள். ஒரு தடவை என் சக ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்த மாணவி மறுபடி எங்கள் வாசல்படி மிதிக்கவே இல்லை.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன். உங்களைப் போல இந்த வேலைக்கு வர ஆசை. என்ன படிக்க வேண்டும், சம்பளம் எப்படி? – ஒரு வாசகர், திருச்சி

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. பெரும்பாலான கல்லூரிகளில் இதற்கென்று பணியிடமே இல்லை. ஏதோ ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருப்பார்கள். இருக்கிற இடத்திலும் ஒப்பந்தம்தான். நானே ஏழு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தேன். சிறப்பாசிரியராக வர வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் தேவை. உங்கள் ஊரிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் இருக்கிறது. ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

படிப்பைவிட முக்கியமாக, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை உங்கள் கணினியில் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். அது இலவசம். மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் 2006-ல் தொடங்கியது. அந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு ஒன்று தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த நோட்ஸைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல்லை அது “ஜே கே பி ஓ செமிகோலன்” என்று வாசிக்கும். நம் கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஒரு துறையே பத்து வருடம் சேர்த்த நோட்ஸ் இப்படி இருந்தது. அதை, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி முடிக்க எங்களுக்கு இரண்டு கோடை விடுமுறை ஆனது. ஆனால் அந்த வேலை நடந்த பிறகு மாணவர்கள் மற்றவர்களிடம் “இதை வாசிச்சுக் காட்டறியா?” என்று கேட்பது நின்றது. என் 19 வருடத்தில் நான் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து கேட்கும் வடிவில் தந்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமோ என்று பயப்படுவார்கள். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகக்கூடிய பிரதி எடுக்க வழி செய்துவிட்டார்கள். இதற்கான உலக ஒப்பந்தம் 2013-ல் மொரோக்கோவின் மராகேஷ் நகரில் உருவானது. அதற்கு முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. எனவே தைரியமாகச் செய்யலாம். ஆனால் புத்தகப் பட்டியலைத் துறைகளிடமிருந்து மே மாதமே வாங்கிவிட வேண்டும். ஜூலையில் வாங்கினால், புத்தகம் தயாராகும்போது முதல் இன்டர்னல் முடிந்திருக்கும்.

சம்பளம் குறைவுதான். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

விபத்தில் வலது கை நரம்பு பாதித்தது. எழுதினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடுகிறது. சான்றிதழில் 30 சதவீதக் குறைபாடு. 40 இருந்தால்தான் எழுத ஆள் தருவோம் என்கிறார்கள். நவம்பரில் தேர்வு. – ஒரு மாணவர், விழுப்புரம்

இந்த ‘40 இருந்தால்தான்’ என்ற பதிலை நானும் ஒரு காலத்தில் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். விதி அதுதான் என்று நம்பினேன். அப்படித் திருப்பி அனுப்பிய இரண்டு பேரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பு சொன்னது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு உள்ள அவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத ஆள் தர மறுத்திருந்தார்கள். 40 சதவீதம் என்ற அளவு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான். தேர்வு எழுதத் தேவையான நியாயமான ஏற்பாட்டை அந்த எண்ணைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதையொட்டி, 40-க்குக் குறைவாக இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்காக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவ அதிகாரிகளின் சான்றிதழ் தேவைப்படும். சதவீதத்தை மட்டும் போட்ட சான்றிதழ் போதாது. ‘தொடர்ந்து எழுத இயலாது, எழுத ஆள் தேவை’ என்ற வாசகமே அதில் இருக்க வேண்டும். இதற்காக மருத்துவமனைக்கு இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

கடிதத்தைக் கல்லூரி முதல்வருக்கும் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் கதையெல்லாம் வேண்டாம், நாலு பத்தி போதும்: என்ன சிரமம், என்ன ஏற்பாடு வேண்டும் (எழுத ஆள், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், தனி அறை), எந்தத் தீர்ப்பு, வழிகாட்டுதலின்படி கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கம்ப்யூட்டரில் இடது கையால் தட்டச்சு செய்வது உங்களுக்கு வசதி என்றால் அதையும் மாற்று ஏற்பாடாகக் கேளுங்கள். தேர்வு விண்ணப்பம் நிரப்பும் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். அந்த நகலை ஹால் டிக்கெட்டோடு பையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போங்கள்.